மக்காச்சோளத் தொட்டியும் நான் போட்ட சுவிட்சும்

எலிவேட்டர் ஓட்டுகிற வேலை ரொம்பச் சுலபம்: பச்சைப் பட்டனை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும், நடுவில் இருக்கிற நேரம் முழுக்க யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆள் ஏறுகிற லிஃப்ட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கோழித் தீவனக் கம்பெனி எலிவேட்டர். நீளமான பெல்ட் ஒன்று, அதில் வரிசையாக இரும்புப் பக்கெட். அடியில் குழியில் கொட்டுகிற மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டு போய் உச்சியிலிருந்து தொட்டிக்குள் கொட்டும். வேண்டும்போது தொட்டியின் அடியில் திறந்துவிட்டால், அங்கே இருக்கிற திருகு சோளத்தை இழுத்து அரைக்க அனுப்பும். எலிவேட்டருக்கும் திருகுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் போர்டு, ஒரே பச்சைப் பட்டன். அதன் முன்னால் நான். பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்கு ரெண்டு தடவை போய், ரெண்டு தடவையும் திரும்பி வந்து, மூன்றாவது தடவை போக மாட்டேன் என்று சொல்லிவிட்டவள்.

என் அம்மாவும் அதே கம்பெனிதான். நான் சுவிட்ச் போடுகிறவள், அம்மா தொட்டிக்குள் இறங்குகிறவள். தறியோ, பனியனோ, நூல் மில்லோ, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சோறு தின்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், என் நிலைமை புரிந்துவிடும். புரியாதவர்கள் பக்கத்தைத் திருப்பி ராசிபலன் படிக்கலாம்.

ஊருக்கு வந்த கோபுரம்

நான் ஆறாவது படிக்கும்போது அந்தத் தகரத் தொட்டி எங்கள் ஊரில் எழும்பியது. பல்லடத்துக்குத் தெற்கே, மழையை நம்பிச் சோளம் விதைக்கிற ஊர். சுற்றிலும் கோழிப்பண்ணை வந்துகொண்டே இருந்தது. அதுவரைக்கும் சோளம் என்றால் மூட்டை. மூட்டையை அடுக்கலாம், எண்ணலாம், மேலே ஏறிப் படுத்துத் தூங்கலாம். எங்கள் வகுப்புப் பையன்கள் பாதிப்பேர் அப்படித்தான் தூங்கினார்கள். தொட்டி வந்ததும் மூட்டையைப் பிரித்துக் குழியில் கொட்டச் சொன்னார்கள். ஒன்றாக இருந்தது மறு வருடம் ரெண்டானது, அதற்கடுத்து மூன்று. எலிவேட்டர் உச்சி, மாரியம்மன் கோயில் கோபுரத்தைவிட உயரமாகப் போய்விட்டது. சாமி கோபித்துக்கொள்ளுமே என்று ஊரில் பேச்சு வர, முதலாளி கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தார். சாமியின் கோபம் என்ன ஆனதோ, பேச்சு அடங்கிவிட்டது.

முதல் லோடு ஓட்டியபோது ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. பக்கெட் சத்தத்தில் கட்டியிருந்த எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. லோடு கொண்டுவந்த விவசாயிக்குத் தன் சோளம் எங்கே போகிறதென்று பார்க்கவேண்டும் என்று ஆசை. ஏணியில் ஏறி மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடமே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, வேர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "கெணத்துல உழுந்தாக்கூட தண்ணி ஒருவாட்டி மேல தூக்கிக் காட்டுமுங்க. இது தூக்காது போலிருக்குதுங்க."

குத்தூசி

பதினாறு வயதில் நான் வேலைக்குப் போனபோது முதலில் கொடுத்தது குத்தூசி. கூர்மையான இரும்புக் குழாய். மூட்டைக்குள் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற சோளம் கொஞ்சம் குழாயில் வந்துவிடும். அதை ஈரம் பார்க்கிற மெஷினில் போட்டு, காய்ந்திருந்தால் உள்ளே, ஈரமாக இருந்தால் வெளியே. ஈரச் சோளம் தொட்டிக்குள் போனால் புழுங்கிப் பூஞ்சை பிடித்துச் சுவரோடு பாறை மாதிரி கட்டிக்கொள்ளும். அந்தப் பாறையை உடைக்க ஆள்தான் இறங்கவேண்டும். இறங்குகிற ஆள் யார் என்று முன்பே சொல்லிவிட்டேன். அதனால் நான் குத்தூசியைக் கொஞ்சம் கோபமாகவே குத்துவேன்.

ஒருநாள் ஒருத்தர் காய்ந்த மூட்டையை மேலே போட்டு ஈர மூட்டையை அடியில் மறைத்துக்கொண்டு வந்தார். நான் அடிமூட்டையில் குத்தினேன். சோளம் சுடச்சுட வந்தது, காய்ச்சல்காரன் கை மாதிரி. "இது ஆகாது, திருப்பிக் கொண்டு போங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வண்டியில் ஒரு அரிவாள் கிடந்தது. தேங்காய் வெட்டத்தான் இருக்கும். இருந்தாலும் நான் ரெண்டு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டேன். மேனேஜர் உள்ளிருந்து ஓடி வந்தார். அவருக்கு இவர் பங்காளி முறையாம். "எடுத்துக்கலாம் அம்மணி, எடுத்துக்கலாம்" என்று வண்டியைக் குழிப்பக்கம் திருப்பிவிட்டார். சோளக்காரர் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்: "சோளத்துக்கு வேர்த்திருக்குது, அவ்வளவுதான் அம்மணி. வெயில்ல நிக்கறயே, உனக்கு வேர்க்கலையா?"

செருப்பு

சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, அது என் தலையில் விழுந்தது. போகும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தார்: பட்டனைத் தொடுமுன் கீழே பார்.

போர்டுக்குக் கீழே செருப்பு இருக்கும். சோளம் லட்சுமி, செருப்புக் காலோடு மிதிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தொட்டிக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றித்தான் போவார்கள். கழற்றுவதை இந்தப் போர்டுக்குக் கீழே கழற்று என்று யாரோ ஒரு புத்திசாலி எப்போதோ வைத்திருக்கிறார். ஒரு ஜோடி கிடந்தால் உள்ளே ஒரு ஆள். ரெண்டு ஜோடி என்றால் ரெண்டு ஆள். ஒன்றும் இல்லையென்றால் பச்சைப் பட்டன். பூட்டு, மணி, சிவப்பு விளக்கு எதுவும் கிடையாது. எல்லார் உயிரும் அந்த ரப்பர் செருப்பில்தான்.

பட்டனைத் தொடுமுன் நான் ரெண்டு தடவை குனிந்து பார்ப்பேன். ஒருநாள் நாய் ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, கம்பெனியைச் சுற்றி மூன்று ரவுண்டு துரத்தினேன். செருப்பைப் பிடுங்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றேன். அம்மாவும் மற்றப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜரிடம் போய், ஒரு பூட்டு வாங்கிப் போர்டில் மாட்டலாமே என்று கேட்டேன். இத்தனை வருடமாகச் செருப்பு ஏமாற்றியதில்லை என்றார். நாய்? என்றேன். அவர் யோசிக்கவே இல்லை: "அதுக்குத்தான் உனக்குச் சம்பளம் கண்ணு, நாயப் பாத்துக்க."

மூட்டையை முழுங்கின தொட்டி

எங்கள் மெக்கானிக் செல்வராசண்ணன் பீளமேட்டுக்காரர். பட்டறையில் தொழில் கற்றவர். மாதம் ஒருமுறை மொபெட்டில் வந்து பெல்ட், பேரிங் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவர் மேலே ஏறியிருந்தபோது, புதிதாக வந்த ரெண்டு பேர் தொட்டிக்குள் சோளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். இறங்கி வந்தார். அவர்களையும் என்னையும் அழைத்தார். ஒரு சாக்கில் கல்லை நிரப்பி, ஆள் கனத்துக்குக் கட்டி, மேலே ஏற்றிச் சோளத்தின் நடுவில் நிறுத்தினார். சாக்கு தெம்பாக நின்றது, தரையில் நிற்கிற மாதிரி.

"இப்பப் போய்ப் போடு" என்றார். நான் இறங்கி, தொட்டியின் அடியைத் திறந்து, பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்தேன். ஓடித்தான் ஏறினேன். எட்டிப் பார்த்தபோது சாக்கு இல்லை. சோளத்தின் நடுவில் ஒரு சின்னக் குழி, அதுவும் சுழன்றுகொண்டே மூடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. ஒரு பெரிய சாமானை முழுங்கினால் ஒரு சத்தமாவது வரவேண்டாமா?

பீடிக்காரர்களில் ஒருத்தன் அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான். அவனைக் கோழை என்று எல்லாரும் கேலி பேசினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. செல்வராசண்ணன் மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நிக்கற சோளம் தரை, ஓடற சோளம் தண்ணி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது உன்ர வெரல்தான் கண்ணு."

மூக்கு

கரண்ட் போய்ப் போய் வருகிற காலம். வரும்போதெல்லாம் ஆள் போய்ப் பட்டனை அமுக்க நேரமாகிறது என்று மேனேஜர் ஒரு வேலை செய்தார். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மாட்டுவார்களே, கரண்ட் வந்தால் தானாக ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி? அதைக் கொண்டுவந்து எலிவேட்டருக்கு மாட்டிவிட்டார். அவர் வீட்டுக் கிணற்றில் நன்றாக ஓடுகிறதாம். கிணற்றுக்குள் ஆள் கையை விட்டுக்கொண்டிருப்பதில்லை என்று நான் சொன்னேன். எனக்கு வாய் நீளம் என்றார்.

மாட்டிய மூன்றாம் நாள் செல்வராசண்ணன் வந்தார். பெட்டி மாட்டியது அவருக்குத் தெரியாது. நான் அப்போது லாரி மூட்டையில் குத்தூசியோடு நின்றிருந்தேன். கரண்ட் இல்லை, மெஷின் நிற்கிறது என்று அவர் குழிக்குள் உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, பக்கெட்டுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மோட்டார் உறுமியது. நான் குத்தூசியைப் போட்டுவிட்டு ஓடினேன். எட்டிப் பார்க்கவே பயம். குழிக்குள் அவர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார், ரெண்டு கையும் முகத்துக்கு முன்னால். எண்ணிப் பார்த்தேன், விரல் பத்தும் இருந்தது. சிவப்பை அமுக்கிவிட்டு வந்தும் அவர் கையை இறக்கவில்லை. மேலே ஏறி வந்து அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சொன்னார்: "மூக்கு அரிச்சுது, சொறியலாம்னு கைய எடுத்தேன். அரிக்காம இருந்திருந்தா, இனி மூக்குச் சொறியக் கையே இருந்திருக்காது கண்ணு."

அம்மாவின் எடை

ஐப்பசி மழை நின்றபாடில்லை. அந்தப் பங்காளி மாதிரி நாலு பங்காளிகளின் ஈரச் சோளம் மூன்றாம் தொட்டியில் கிடந்தது. எதிர்பார்த்த மாதிரியே கட்டிக்கொண்டது. அடியில் திறந்தால் கொஞ்சம் வரும், நின்றுவிடும். மேலே போய்ப் பார்த்தால் சுவரைச் சுற்றிப் பாளம் பாளமாக, ஆள் உயரத்துக்குக் கெட்டிச் சோளம். புளித்த நாற்றம். மூங்கில் கழியால் குத்தி உடைக்கவேண்டும்.

இந்த வேலைக்கு ஆண்களை இறக்க மாட்டார்கள். பெண்களுக்கு எடை குறைவு, சோளம் தாங்கும் என்பது மேனேஜர் கண்டுபிடித்த கணக்கு. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டி, இடுப்பில் கயிறோடு இறங்குவாள். கயிற்றின் மறுமுனையை மேல்மூடிக்குப் பக்கத்தில் ஒருத்தர் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். பனியன் கம்பெனிக்குப் போகலாம், ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வரலாம் என்றேன். பஞ்சுத் தூசி தனக்கு ஆகாது என்றாள். கல் மூட்டை முழுங்கின கதையைத் திரும்பச் சொன்னேன். சுவரோரமாக நின்றுகொள்கிறேன் என்றாள். பயமாக இருக்கிறது அம்மா என்று நேராகவே சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தாள்: "சுச்சு எம்புள்ள கையில இருக்குது. மத்தவீக பயப்படோணும், நா எதுக்குப் பயப்படறது?"

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை தோறும் போர்டுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவது வழக்கம். அந்த வெள்ளி கொஞ்சம் விசேஷம். எலிவேட்டருக்குப் புது மோட்டார் மாட்டியிருந்தது. முதலாளியின் மாமனார் கோபிசெட்டிபாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் கையால் சூடம் காட்டி, நல்ல நேரம் முடிவதற்குள் ஓட்டவேண்டும். என்னைப் பூவும் வாழைப்பழமும் வாங்கக் கடைவீதிக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது எல்லாரும் கூடிவிட்டார்கள். வாசலில் வந்தவர்கள் செருப்பு குவியலாகக் கிடந்தது. போர்டு முன்னால் கழுவிக் கோலம் போட்டிருந்தது. மாமனார் தேங்காயை உடைத்தார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கீழே பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கோலம்தான் இருந்தது. பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

புது மோட்டார் வழவழவென்று ஓடியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சூடத்தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, கூட்டத்துக்குள் கயிறு பிடிக்கிற பாப்பாத்தியக்கா நெற்றியில் திருநீறோடு நின்றுகொண்டிருந்தாள். கயிறு பிடிக்கிறவள் இங்கே என்ன செய்கிறாள்? என் கண் தானாக வாசலுக்குப் போனது. குவியலுக்கு ஓரத்தில், கோபிக்காரர்களின் தோல் செருப்புக்கு நடுவே, வார் அறுந்து செம்புக் கம்பி போட்டுக் கட்டிய நீல ரப்பர் செருப்பு. கம்பி போட்டதே நான்தான்.

போர்டு ரெண்டே எட்டுதான். ஆனால் அதற்கு முன்னால் மாமனார் தட்டோடு நின்றிருந்தார். "நிறுத்துங்க, நகருங்க" என்று கத்தினேன். நல்ல நேரத்தில் ஓட்டியதை உடனே நிறுத்தக்கூடாது என்று பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். பிடித்தவரை உதறிவிட்டு அந்தப் பெரியவரை ரெண்டு கையாலும் தள்ளினேன். தட்டு பறந்தது, சூடம் கோலத்தில் விழுந்து எரிந்தது. சிவப்பை அமுக்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்ப ஓடிவிடுமோ என்று இருந்தது. "எங்கம்மா உள்ள" என்று கத்தினேன். அப்போதுதான் கூட்டம் ஏணிப்பக்கம் ஓடியது.

மூன்றாம் தொட்டியின் அடி திறந்தே கிடந்ததால் திருகு சோளத்தை இழுத்திருக்கிறது; அம்மா மார்பு வரை சோளத்துக்குள் நின்றாள். சுவரோரம் பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் மெதுவாக இறங்கியிருக்கிறாள். நடுவில் இருந்திருந்தால் சாக்கு மாதிரிதான் என்று செல்வராசண்ணன் பிறகு சொன்னார். மோட்டார் மாட்டியவர் என்பதால் நல்லவேளையாக அவரும் பூஜைக்கு வந்திருந்தார். அம்மா கத்தவில்லை. கத்த முடியவில்லை. மூச்சை விட்டால் அந்த இடத்தைச் சோளம் எடுத்துக்கொள்கிறது, திரும்ப இழுக்க இடம் தருவதில்லை. நாலுபேர் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனார்கள். இழுத்தால் இடுப்பு கழன்றுவிடும் என்று செல்வராசண்ணன் தடுத்தார். சோளத்தின் மேல் பலகை போட்டு, அம்மாவைச் சுற்றி நாலு கூரைத் தகரத்தைக் கிணற்றுச் சுவர் மாதிரி இறக்கி, அதற்குள் இருக்கிற சோளத்தை மட்டும் பக்கெட் பக்கெட்டாக அள்ளினார்கள். நான் மேல்மூடியில் குப்புறப் படுத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நானும் மூச்சு விட்டேன். இடுப்பு தெரிந்தது, முழங்கால் தெரிந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள்.

நான் கடைவீதிக்குப் போன நேரத்தில் அம்மா இறங்கியிருக்கிறாள்; பூஜைக்கு இடைஞ்சல் என்று அவள் செருப்பை எடுத்து வாசலில் வைத்தது மேனேஜர். சாமிக்கு முன்னால் செருப்பு கிடக்கலாமா என்று நல்ல மனதோடுதான் வைத்திருக்கிறார். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பாப்பாத்தியக்கா, ஒரு நிமிடத்தில் திருநீறு வாங்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இறங்கினேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் போய்விடலாம். ஆனால் அமுக்கியது என் விரல். அம்மா தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டதும் அதைத்தான், சுச்சுப் போட்டது யாரு என்று. நான்தான் என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.  "நல்லதாப் போச்சு. வேற ஆராவது போட்டிருந்தா, பெரிய மனுசனத் தள்ளிப்போட்டு நிறுத்தியிருக்க மாட்டாங்க."

பீஸ் கட்டை

ஒரு வாரம் அம்மா படுத்திருந்தாள். விலாவெல்லாம் கன்றிப் போயிருந்தது. அடுத்த வாரம் மேனேஜரே வீட்டுக்கு வந்தார், பழக்கூடையோடு. நலம் விசாரித்தார். தடைபட்ட பூஜையைத் திரும்பச் செய்யவேண்டும் என்றார். கடைசியாக, மூன்றாம் தொட்டியில் பாளம் இன்னும் பாதி இருக்கிறது என்றார். அம்மா வருகிறேன் என்றுவிட்டாள். நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். அம்மா காது கொடுக்கவில்லை. இன்னொருத்தி இறங்கினால் அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

அம்மா வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, அவள் ஏணியில் ஏறும் முன் நான் மெயின் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கினேன். வெள்ளைப் பீங்கான் கட்டை, அது இல்லாமல் எந்த நல்ல நேரத்திலும் எந்த மோட்டாரும் ஓடாது. துணியில் முடிந்து அம்மா இடுப்பில் கட்டிவிட்டேன். பாப்பாத்தியக்கா கயிற்றைத் தன் கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டு மேல்மூடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லாரிகள் வரிசையில் நின்றன. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். மேனேஜர் பச்சைப் பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். முதலாளி வந்து மெஷின் ஏன் ஓடவில்லை என்றார். "எங்கம்மா மடியில இருக்குதுங்க, அவங்க எறங்கி வந்தாத்தான் ஓடும்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். பெரியவரைத் தள்ளியவள் என்பது ஞாபகம் வந்திருக்கவேண்டும், ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

மதியம் அம்மா முழுசாக இறங்கி வந்து, மூன்று கட்டையையும் என் கையில் எண்ணி வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசித்தது. சோற்றுப் போசியைத் திறக்கும்போது முதலாளி பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் இப்படியே வெச்சுக்கலாம் அம்மணி. அப்பறம் லோடு அதிகமாயிரும், பழையபடி செருப்பையே வெச்சுக்கலாமுங்க."

மழைக்காலம் முடிந்து தை பிறந்தும் ஆள் உள்ளே இறங்கினால் கட்டையைப் பிடுங்குவதை நான் நிறுத்தவில்லை; எலிவேட்டரை ஓட்டுவதற்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஓட்டாமல் வைத்திருப்பதற்குத்தான் தினக்கூலி மாதிரி தினமும் திட்டு.